ஒருபுடை உவமை

செக் நாட்டு எடுவார்ட் நிறுவனம் 2014இல் மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி-6 விமானத்தின் பிளாஸ்டிக் மாடலை 1/48 அளவில் வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பறக்கவிட்ட சண்டை விமானம் அது. நிஜத்தில் இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 9.92 மீட்டர், நாற்பத்தெட்டால் வகுத்தால் 207 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. பெட்டியைப் பிரித்தவர்கள் அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள். மாடல் கணக்குக்கு மேல் வளர்ந்திருந்தது. கூச்சல் எழுந்தது. நிறுவனம் பிழையை ஒப்புக்கொண்டது, 2016இல் புதிய அச்சிலிருந்து வார்த்த மாடலைக் கொண்டுவந்தது. எஃகில் அச்சு வெட்டுவது செலவு பிடிக்கிற வேலை. சில மில்லிமீட்டருக்காக அதை மறுபடி செய்தார்கள். வளர்ந்த மனிதர்களின் பொம்மைப் பைத்தியம் என்று இதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அந்தக் கூச்சலுக்குள் ஒரு பழைய கேள்வி உட்கார்ந்திருக்கிறது. ஒன்று இன்னொன்றைப் போல இருக்கிறது என்கிறோமே, அப்போது சரியாக எதைச் சொல்கிறோம்? பல நிறுவனங்கள் ஒரே விமானத்தை வார்த்து விற்கும்போது எது உண்மைக்கு நெருக்கம் என்று தீர்ப்புச் சொல்ல ஒரு மூலம் வேண்டும். அந்த மூலம் எங்கே இருக்கிறது?

கைக்கு எட்டுகிற உதாரணமாக ஸ்பிட்ஃபயர் ஒன்பதாம் வகையை எடுத்துக்கொள்ளலாம். 1/48 அளவில் ஜப்பானின் ஹாசேகாவா, உக்ரைனின் ஐசிஎம், எடுவார்ட் மூவரும் இதைச் செய்திருக்கிறார்கள். ஹாசேகாவாவின் பாகங்கள் ஒன்றோடொன்று சுத்தமாகப் பொருந்தும். ஆனால் உடல் நீளம் குறைவு என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு. ஐசிஎம்மின் உருவம் அதைவிட உண்மைக்கு அருகில் வரும். எஞ்சின் மூடியை இடைவெளி தெரியாமல் ஒட்டுவதற்குள் கை ஓய்ந்துவிடும். எடுவார்ட் 2013இல் வெளியிட்டதில் உருவமும் தேறுகிறது, பொருத்தமும் தேறுகிறது. மேற்பரப்பெங்கும் ரிவிட் வரிசை குத்தப்பட்டிருக்கிறது. எது துல்லியம்? பெட்டிக்குள் கிடக்கும் துல்லியம் ஒன்று, ஒட்டி முடித்த பிறகு மேசையில் நிற்கும் துல்லியம் வேறொன்று. ஐசிஎம் மாடலின் நல்ல உருவம் சாதாரணக் கையில் சிக்கினால் மூக்குப் பக்கம் புடைத்துப் போகும். அப்போது நீளம் குறைந்த ஹாசேகாவாதான் பார்ப்பவருக்கு ஸ்பிட்ஃபயராகத் தெரியும். ஒரே கேள்வி என்று நினைத்துத்தான் ஒப்பிடத் தொடங்குகிறோம். போகப்போக அது பல கேள்விகளாகப் பிரிந்துவிடுகிறது.

என் கட்சி இதுதான்: துல்லியமான மாடல் என்று எதுவும் இல்லை, ஒரு கேள்விக்குத் துல்லியமான மாடல்தான் உண்டு. துல்லியம் என்பது பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் குணம் அல்ல. கேட்பவர், கேட்கப்பட்டது, காட்டுவது மூன்றுக்கும் நடுவில் நிற்கும் உறவு. இப்படிச் சொன்னதும், அப்படியானால் யார் எதைச் சொன்னாலும் சரிதானா என்று ஒருவர் கேட்பார். இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மூலத்தின் கதை.

ஸ்பிட்ஃபயர் ஒன்றல்ல. 1936 மார்ச் 5 அன்று ஈஸ்ட்லீயில் முதல் விமானம் எழும்பியது. வடிவமைத்த மிட்செல் அடுத்த ஆண்டே இறந்துபோனார். அதன்பின் பத்தாண்டுக்கு மேல் இருபதாயிரத்துக்கும் அதிகமான விமானங்கள், இருபதுக்கும் மேற்பட்ட வகைகள். ஒன்பதாம் வகையே ஓர் அவசர ஏற்பாடு. 1941 இலையுதிர்காலத்தில் ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190 வந்து ஐந்தாம் வகையைத் திணறடிக்கவே, அந்த ஐந்தாம் வகை உடலிலேயே மெர்லின் 61 எஞ்சினைப் பொருத்தி அனுப்பினார்கள். ஆகவே தொடக்கத்தில் வந்த ஒன்பதும் கடைசியில் வந்த ஒன்பதும் ஒரே முகம் காட்டாது. காற்றுக்குழாயின் நீளம், சுக்கானின் நுனி, பீரங்கிக்கு மேலுள்ள புடைப்பு எல்லாம் மாறும். இதில் உற்பத்தியின் கதை வேறு. 1940 செப்டம்பரில் சவுத்தாம்ப்டனின் வூல்ஸ்டன் ஆலை குண்டுவீச்சில் சிதைந்ததும் வேலையை ஊர் ஊராகப் பிரித்தார்கள். கார் கொட்டகையில் இறக்கை, பஸ் டிப்போவில் உடல் என்று செய்து, பிறகு ஓரிடத்தில் கூட்டினார்கள். ஒரு பட்டறையில் செய்தது இன்னொரு பட்டறையில் செய்ததோடு மில்லிமீட்டர் சுத்தமாக ஒத்திருந்தது என்று யார் கையெழுத்துப் போடுவார்? இன்று அளந்து பார்க்கலாம் என்றால், மிஞ்சியிருப்பவற்றில் பலவும் புதுப்பிக்கப்பட்டவை. பறக்கும் நிலையில் உள்ள சிலவற்றில் அந்நாளைய உலோகம் கொஞ்சம்தான்; தகடு, தாங்கி, ஆணி எல்லாம் நம் காலத்தில் மாற்றியவை. அவற்றை அளப்பவர் 1943ஐயும் அளக்கிறார், புதுப்பித்த பட்டறையையும் சேர்த்தே அளக்கிறார். ஆகவே மாடல் எதற்கு விசுவாசமாக இருக்க வேண்டும்? பொதுவான ஸ்பிட்ஃபயருக்கு என்று சொன்னால் அப்படி ஒன்று வானத்தில் பறந்ததே இல்லை. பறந்ததெல்லாம் ஒரு குறிப்பிட்ட எண் கொண்ட, ஒரு குறிப்பிட்ட காலையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பெயின்ட் உரிந்திருந்த விமானம்.

சரி, மூலத்தை அப்படி ஒரே விமானமாக, ஒரே காலையாகச் சுருக்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சிக்கல் தீராது, ஏனென்றால் எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை. நிஜ விமானத்தில் இரண்டு தகடுகள் சந்திக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் என்றால், 1/48இல் அது 0.02 மில்லிமீட்டர் ஆக வேண்டும். தலைமயிரின் தடிமனே பொதுவாக அதைப் போல் மூன்று மடங்கு இருக்கும். மாடலில் நாம் பார்க்கும் பேனல் கோடு, மிக மெல்லியதாக வெட்டினாலும், பத்தில் ஒரு மில்லிமீட்டர் இருக்கும். நிஜத்துக்குப் பெருக்கினால் விரல் நுனி நுழையப் பார்க்கும் ஐந்து மில்லிமீட்டர் பள்ளம். விமானி உட்காரும் இடத்தின் சுவர் பிளாஸ்டிக்கில் ஒரு மில்லிமீட்டர் தடிமன்; நிஜத்தில் அது ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் ஆகும், தகடோ ஒரு மில்லிமீட்டர் சொச்சம். எல்லா நிறுவனங்களும் செய்யும் இந்தத் தப்பை எந்த ஒப்பீட்டாளரும் தப்பாகக் குறிப்பதில்லை. உடல் நான்கு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தால் கொதிப்பவர், சுவர் பல மடங்கு தடித்திருப்பதைக் கண்டுகொள்வதில்லை. இது நேர்மைக்குறைவு இல்லை, பழக்கத்தில் வந்த உடன்பாடு. ஓவியன் கன்னத்தைச் சுற்றிக் கோடு இழுக்கிறான். கன்னத்தில் கோடு கிடையாது. பேனல் கோடும் அந்த வகை. இங்கே தகடு முடிகிறது என்று சொல்லும் எழுத்து அது. பள்ளத்தின் உருவம் இல்லை.

ரிவிட் இன்னும் சுவாரசியமான வழக்கு. ரிவிட் தலை தகட்டுக்கு மேல் துருத்தினால் காற்று இடறும், வேகம் குறையும். தலையைத் தகட்டோடு சமமாக அமிழ்த்தினால் உற்பத்திச் செலவு ஏறும். எங்கெங்கே அமிழ்த்த வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒரு ஸ்பிட்ஃபயரின் அமிழ்ந்த ரிவிட்டுகள் மேல் உடைத்த பட்டாணியை ஒவ்வொன்றாக ஒட்டிப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். எல்லா ரிவிட்டுக்கும் பட்டாணி வைத்தபோது வேகம் மணிக்கு 22 மைல் வரை விழுந்தது. பிறகு பகுதி பகுதியாகப் பருப்பைச் சுரண்டி எடுத்து, எங்கே துருத்தினால் நட்டம், எங்கே துருத்தினால் பாதகமில்லை என்று கண்டார்கள். நிஜ விமானமே தன்னுடைய மாடலாக நின்ற நேரம் அது. பட்டாணி ரிவிட்டைப் போல இருந்ததா? பச்சையாக, சாப்பிடும் பண்டமாக இருந்தது. ஆனால் கேட்ட கேள்வி காற்றைப் பற்றியது. அந்தக் கேள்விக்குப் பட்டாணி அப்பழுக்கில்லாத ரிவிட். இதற்கு நேர் எதிரான செய்தி ஒன்றும் உண்டு. ஸ்பிட்ஃபயர் இறக்கையின் முன்விளிம்பில் ரிவிட்டையும் இணைப்பையும் பட்டி பார்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். அமெரிக்காவின் மஸ்டாங் விமானத்திலோ இறக்கையின் முன்பகுதியையே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துத்தான் ஆலையிலிருந்து அனுப்பினார்கள். ஆகவே மஸ்டாங் மாடலின் இறக்கை முன்பகுதியில் ஊசி ஊசியாக ரிவிட் காட்டும் நிறுவனம், உழைப்பு கூடக்கூடப் பொய்யும் கூடும் நிலையில் நிற்கிறது. விவரம் அதிகமானால் துல்லியம் அதிகம் என்று நம்புகிறவர் இந்த ஒரு இறக்கைக்குப் பதில் சொன்னால் போதும்.

நிறத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1941 ஆகஸ்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் சண்டை விமானங்களின் மேல்பக்கம் கரும்பச்சையும் கடற்சாம்பலும். அந்தப் பெயின்ட்டையே டப்பாவிலிருந்து எடுத்து ஒரு சாண் மாடலில் பூசினால் கண்ணுக்குக் கறுத்துத் தெரியும். நிஜ விமானத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது நடுவிலிருக்கும் காற்று நிறத்தை வெளுக்கிறது. மாடலையோ அரை மீட்டரில் வைத்துப் பார்க்கிறோம். ஆகவே சிலர் கொஞ்சம் வெள்ளை கலக்கிறார்கள், சிலர் அதை மோசடி என்கிறார்கள். முதலாமவர் பார்வைக்கு உண்மையாக இருக்கிறார், இரண்டாமவர் பொருளுக்கு. இருவரும் ஒரே சொல்லால் சண்டை போடுகிறார்கள்.

இந்தச் சண்டையைப் பிரித்து வைக்கும் கருவி தமிழில் நெடுங்காலமாக இருக்கிறது. தொல்காப்பியத்தின் உவமவியல், உவமை பிறக்கும் இடம் நான்கு என்கிறது: வினை, பயன், மெய், உரு. செயலால் ஒப்பு, விளைவால் ஒப்பு, வடிவால் ஒப்பு, நிறத்தால் ஒப்பு. புலி போலப் பாய்ந்தவனுக்கு வால் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அது வினையால் வந்த உவமை. துடி போன்ற இடையைத் தட்டினால் சத்தம் வருமா என்று கேட்பதில்லை. அது மெய்யால் வந்தது. உரையாசிரியர்கள் இதை இன்னும் தெளிவாக்கி, ஒரு பக்கம் மட்டும் ஒத்து வருவதை ஒருபுடை உவமை என்று பெயரிட்டார்கள். எல்லாப் பக்கமும் ஒத்தால் அது உவமையாக இருக்காது, அந்தப் பொருளாகவே ஆகிவிடும் என்ற தெளிவு அதில் இருக்கிறது. பிளாஸ்டிக் ஸ்பிட்ஃபயர் மெய்யாலும் உருவாலும் ஒத்தது. வினையும் பயனும் அதற்கு இல்லை. ஆஸ்திரேலியாவில் ஸ்பிட்ஃபயரை எண்பது, தொண்ணூறு சதவீத அளவில் சுருக்கி, வாங்குபவரே கூட்டி ஏறிப் பறக்கும் கிட்டாகவும் விற்றார்கள். அது வினையால் ஒத்தது. வடிவத்திலோ ஒரு 1/48 மாடல் பெட்டி அதைத் தோற்கடித்துவிடும். இரண்டில் எது அதிக ஸ்பிட்ஃபயர் என்று கேட்பது, மழை போன்ற கையும் பொன் போன்ற மேனியும் என்றால் எந்த உவமை அதிக உண்மை என்று கேட்பது போன்றது.

மணிமேகலையில் அறிவு பெறும் வழிகளாக அளவை வாதி அடுக்கும் பிரமாணங்களில் உவமமும் ஒன்று. நியாய நூலார் அதற்குத் தரும் வழக்கமான எடுத்துக்காட்டு, காட்டுப்பசுவான ஆமா பற்றியது. ஆமாவைப் பார்த்திராத ஊர்க்காரனிடம், அது பசுவைப் போல இருக்கும் என்று காட்டுவாசி சொல்லி அனுப்புகிறான். காட்டில் எதிர்ப்பட்டதும் இவன் ஆமா இதுதான் என்று அறிகிறான். பசு என்னும் மாடல் செய்த வேலை அவ்வளவுதான்: அடையாளம் காட்டியது. இதையே 1942இல் அமெரிக்கக் கடற்படை செய்தது. பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர விமான மாடல்களைச் செய்து தரக் கேட்டது. அளவு 1/72. பூசிய நிறம் கறுப்பு, வேறொன்றும் இல்லை. கண்ணாடி இல்லை, ரிவிட் இல்லை, பேனல் கோடு இல்லை. முப்பத்தைந்து அடி தள்ளி நின்று பார்த்தால் நிஜ விமானம் அரை மைலில் தெரிவது போலத் தெரியும். முப்பத்தைந்தை எழுபத்திரண்டால் பெருக்கிப் பாருங்கள். வானத்தை அண்ணாந்து பார்க்கும் பீரங்கிக்காரனுக்கு எதிரியா நம்மவனா என்பது நிழலுருவத்தில்தான் தெரியும், சுடுவதா வேண்டாமா என்பது அதில்தான் தீரும். அந்தக் கேள்விக்கு இன்று எடுவார்ட் பெட்டியில் வரும் எல்லா நுணுக்கமும் வெறும் இரைச்சல். உயிர் பணயத்தில் இருந்தபோது துல்லியம் என்றால் கறுப்புக் கட்டைதான்.

இனி ஆட்சேபத்துக்கு வருகிறேன். கேள்வியைப் பொறுத்தது துல்லியம் என்றால், மோசமாகச் செய்த எந்த நிறுவனமும் எங்கள் கேள்வி வேறு என்று தப்பித்துக்கொள்ளலாமே? முடியாது. கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் மட்டுமே செய்பவருக்கு உண்டு. தேர்ந்தெடுத்த பிறகு விடை அவர் கையில் இல்லை. பெட்டியின் மேல் 1/48 என்று அச்சடித்தது ஒரு வாக்கு. 207 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இறக்கை அதைத் தாண்டினால் வாக்கு பொய். எடுவார்ட் மறுபடி அச்சு வெட்டியதற்கு அதுதான் காரணம். ஒப்பு நோக்குவோரின் பார்வை பலவிதம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் யாரும் மதித்திருக்க மாட்டார்கள். சொல்லப்போனால் உறவு என்று சொல்வதுதான் கண்டிப்பானது. துல்லியம் பொத்தாம்பொதுவான குணமாக இருந்தால், ஒரு நிறுவனம் பளபளக்கும் ரிவிட்டைக் காட்டித் தப்பான உடல் நீளத்தை மறைத்துவிடலாம். எதில் என்ற கேள்வியை வைத்தால் மறைக்க இடமில்லை. ஏர்ஃபிக்ஸ் 1950களில் வெளியிட்ட முதல் ஸ்பிட்ஃபயர், அமெரிக்காவின் அரோரா நிறுவனத்தின் மாடலைச் சுருக்கி எடுத்த நகல். விமானத்தைப் போல இருக்கிறதா என்று பார்க்காமல், மாடலைப் போல இருக்கிறதா என்று பார்த்துச் செய்தது. நகலுக்கு அது நல்ல நகல். ஆனால் அதன் மேல் எழுதியிருந்தது அரோராவின் பெயர் அல்ல.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட ஆழமானது. மெய்யும் உருவும் மட்டுமே மாடலின் எல்லை என்றாலும், வினையும் பயனும் வடிவத்துக்குள்ளேயே ஊறியிருக்கின்றனவே என்று ஒருவர் சொல்லலாம். நியாயம்தான். ஸ்பிட்ஃபயர் இறக்கையை முன்னிருந்து பார்த்தால் ஒரு முறுக்கு தெரியும். அடியில் காற்றை இரண்டு டிகிரி ஏற்றமாகச் சந்திக்கும் இறக்கை, நுனிக்குப் போகையில் அரை டிகிரி இறக்கமாகத் திரும்பியிருக்கும். விமானம் திணறும் கட்டத்தில் அடிப்பகுதிதான் முதலில் தன் தாங்குதிறனை இழக்கும்; இறக்கை உதறும்; விமானிக்கு எச்சரிக்கை கிடைக்கும்; நுனிப்பக்கக் கட்டுப்பாடுகள் அதுவரை கைவசம் இருக்கும். ஆக, அந்த இரண்டரை டிகிரி ஒரு இருபது வயதுப் பையனின் உயிர்க்காப்பு. அலமாரியில் நிற்கும் பிளாஸ்டிக்குக்கு அது தேவையே இல்லை. தட்டையான இறக்கை வைத்தாலும் பத்துப் பேரில் ஒன்பது பேர் கவனிக்க மாட்டார்கள். இதைக் காட்டும் மாடலும் உண்டு, விட்டுவிடும் மாடலும் உண்டு. என் கணக்கில் இந்த ஒரு முறுக்கு ஆயிரம் ரிவிட்டுக்கு மேல், ஏனென்றால் இந்த இடத்தில் மட்டும் மெய் தன் வினையைச் சொல்லிவிடுகிறது.

பயன் அப்படி வெளியே தெரிவதில்லை. சண்டை விமானத்தின் பயன் கொல்வது. பிரிட்டன் போரில் பறந்த பெரும்பாலான ஸ்பிட்ஃபயர்களின் இறக்கைகளில் எட்டு பிரௌனிங் துப்பாக்கிகள். சில மாடல்களில் தகட்டைத் திறந்து அவற்றைக் காட்டலாம், குண்டுப் பட்டைகள் உட்பட. அந்த விமானங்களைப் பறக்கவிட்ட படைப்பிரிவுகளில் 234ஆம் பிரிவின் பெயரோடு மதராஸ் மாகாணத்தின் பெயர் சேர்ந்திருந்தது. இங்கே திரட்டிய போர்நிதிக்கான நன்றி அது. ஆகவே அந்தத் துப்பாக்கிகளின் பயனில் நம்மூர்ப் பணத்துக்கும் பங்கு உண்டு. எந்த மாடலும் இதைக் காட்டாது, காட்ட வேண்டும் என்று கேட்பதும் பிளாஸ்டிக்கிடம் அளவுக்கு மீறி எதிர்பார்ப்பது. ஆனால் சீட்டுப் பட்டையின் தையலைக்கூட விடாத ஒப்பீட்டாளர், இது முழுமையான மறுபடைப்பு என்று எழுதும்போது மட்டும் ஒருபுடை உவமையை முற்றுவமையாக விற்கிறார். அங்கேதான் பொய் நுழைகிறது.

பயன் தானாக மேலே வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. மெஸ்ஸர்ஷ்மிட்டின் வால் துடுப்பில் நாஜிகளின் ஸ்வஸ்திகா இருந்தது. மெய்யும் உருவும் கேட்பவருக்கு அது இல்லாத மாடல் பிழை. ஜெர்மன் குற்றவியல் சட்டம் அந்தச் சின்னத்தைப் பகிரங்கமாகக் காட்டுவதைத் தடுக்கிறது, ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் விலக்கு வைத்து. பெட்டி அட்டைப் படத்தில் சின்னத்தை மறைத்து வெளியிடுவது பல நிறுவனங்களின் வழக்கம். இதைச் சரித்திரத்தைத் திருத்துவது என்று திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வாலில் என்ன இருந்தது என்ற கேள்விக்கு அவர்கள் சொல்வது சரி. ஆனால் அலமாரியில் வைக்கும் மாடல், என்ன இருந்தது என்ற கேள்விக்கு மட்டும் பதிலாக நிற்பதில்லை. கூடத்துக்கு வரும் விருந்தாளி எல்லாரும் பார்க்கும்படி ஒரு சின்னத்தை இன்று ஏற்றி வைக்கும் செயலும் அதுவே. உரு என்று நினைத்து ஒட்டுவது பயனாகவும் ஆகிவிடுகிறது. இதற்குப் பொதுவான தீர்ப்பு என்னிடம் இல்லை. நிறுவனங்களில் சில ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றன. ஒட்டுவதற்கான சின்னத் தாளில் அந்த ஸ்வஸ்திகா முழுதாக வராது, இரண்டு துண்டாகப் பிரித்து அச்சிட்டு வரும். சேர்த்து ஒட்டுவதும் விடுவதும் பெட்டியை வாங்கியவர் கையில்.